கீபோர்டு ஒட்டுகிறதா, திரை மங்குகிறதா? அழுக்கைப் பார்த்துத் துணியை எடுங்கள்

எங்கள் வீடு நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, வயலை ஒட்டி இருக்கிறது. தை மாதம் சம்பா அறுவடைக்கு மெஷின் இறங்கிவிட்டால் ஜன்னலைச் சாத்தினாலும் சாத்தாவிட்டாலும் ஒன்றுதான். மேசை, புத்தகம், கீபோர்டு எல்லாவற்றின் மேலும் நெல் சுணை படிந்துவிடும். அப்படி ஒரு நாளில் ஈரத் துண்டை எடுத்துக் கீபோர்டை நன்றாக அழுத்தித் துடைத்தேன். பார்க்கப் பளிச்சென்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் பாதி கீ எழும்பவே இல்லை. சுணையும் மண்ணும் ஈரத்தில் குழைந்து, கீகளின் இடுக்கில் இறங்கி, அங்கேயே காய்ந்து இறுகிவிட்டது. நாற்றங்காலுக்குச் சேறு அடிப்பதுபோல என் கையாலேயே அடித்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்குக் கற்றது இது. உலர்ந்த அழுக்கை உலர்வாகவே எடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட அழுக்குக்குத்தான் ஈரம். எண்ணெய்ப் பிசுக்குக்குத் துளி சோப்பு. வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பார்கள். கணினிக்கும் வேண்டும், ஆனால் காய்ச்சல்தான் முதலில். என்ன கோளாறு என்று பார்த்துவிட்டு, கீழே அதற்குரிய இடத்துக்குப் போங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் கரன்ட்டை எடுத்துவிடுங்கள். தனிக் கீபோர்டு என்றால் யுஎஸ்பி வயரைக் கழற்றினால் போதும். மடிக்கணினியை ஸ்லீப்பில் போடுவது போதாது. முழுதாக அணைத்து, சார்ஜரையும் பிடுங்க வேண்டும்.

வேண்டிய சாமான் அதிகமில்லை. கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடியோடு தருகிற மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஹார்டுவேர் கடையில் ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ் ஒன்று, காது குடையும் பஞ்சுக் குச்சி, டிஸ்டில்டு வாட்டர். இந்தத் தண்ணீர் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கடைகளில் கிடைக்கும். கேட்கும்போது டிஸ்டில்டு வாட்டர் என்று தெளிவாகக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகப் பேட்டரித் தண்ணீர் என்று கேட்டால், அதே அலமாரியில் இருக்கும் ஆசிட் கேனை எடுத்துக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

கீபோர்டு முழுக்கத் தூசி, ஆனால் எல்லாக் கீயும் வேலை செய்கிறது

கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து, முதுகில் உள்ளங்கையால் நாலு தட்டு தட்டுங்கள். முறுக்குத் துணுக்கு, முடி, நெல் பதர் எல்லாம் கொட்டும். அப்புறம் காய்ந்த பெயின்ட் பிரஷால் ஒரே திசையில், இடமிருந்து வலமாக, இடுக்குகளைக் கூட்டுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் தூசி இன்னும் உள்ளே போகும்.

காற்றடித்தால் இன்னும் நல்லது. டப்பாவில் அடைத்து விற்கும் காற்றுக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. வீட்டில் சைக்கிள் பம்பு இருந்தால் அதுவே போதும். ஒருவர் அடிக்க, ஒருவர் முனையைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பஞ்சர் கடைக் கம்ப்ரசரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதன் தொட்டியில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் தேங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். மடிக்கணினியின் விசிறித் துளையில் அடிப்பதானால் விட்டுவிட்டு, மெதுவாக அடியுங்கள். காற்று வேகத்தில் விசிறி கட்டுக்கடங்காமல் சுற்றினால் அதன் அச்சு கெடும்.

தூசி போனபிறகுதான் ஈரம். துணியை நனைத்து, சொட்டுகூட விழாத அளவுக்குப் பிழிந்து, கீகளின் மேல்பக்கத்தை மட்டும் துடையுங்கள்.

ஒரு கீ ஒட்டுகிறது, அமுக்கினால் எழும்பவில்லை

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம் காபி. டபராவில் ஆற்றிக் குடிக்கும் வழக்கம் உள்ளவர்கள் கீபோர்டுக்கு ஒரு முழமாவது தள்ளி ஆற்றலாம் என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது, யாரும் கேட்பதில்லை.

தனிக் கீபோர்டில் கீயின் மூடியைக் கழற்றலாம். அதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கழற்றிக் குவித்தபின் எது எங்கே என்று முழிக்க நேரும். பழைய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து நேராக மேலே நெம்பினால் வந்துவிடும். ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் ஆகிய நீளமான கீகளுக்கு அடியில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதை வளைத்துவிட்டால் கீ ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். நிதானமில்லை என்றால் இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள்.

கழற்றிய மூடிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கழுவி, நிழலில் ஒருநாள் காயவிடுங்கள். மாடியில் வெயிலில் வடகம்போலப் பரப்ப வேண்டாம், பிளாஸ்டிக் மஞ்சளாகும். மூடி இருந்த இடத்தைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். இதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் ஏற்றது. கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் காய்ந்தபிறகும் பிசுபிசுப்பாக நிற்கும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் அதைவிட மோசம், பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

மடிக்கணினி வேறு கதை. அங்கே மூடிக்கு அடியில் கத்தரிக்கோல்போல மடங்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கின்றன. அவற்றின் கொக்கி உடைந்தால் அந்தக் கீ நிலைக்கவே நிலைக்காது. எனவே மூடியைக் கழற்றாமல், பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு விளிம்பைச் சுற்றித் தடவி, கீயை இருபது முப்பது தடவை அமுக்கி அமுக்கி விடுங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை செய்யுங்கள். பெரும்பாலும் இளகிவிடும்.

காபி முழுதாகக் கொட்டிவிட்டது

வரிசைப்படி செய்யுங்கள். மடிக்கணினி என்றால் முதலில் சார்ஜர். அடுத்து பவர் பொத்தானை அணையும்வரை அமுக்கிப் பிடியுங்கள். திறந்திருக்கும் கோப்பைச் சேமிக்க நினைக்காதீர்கள், அந்த அரை நிமிடம்தான் உள்ளேயிருக்கும் சர்க்யூட் போர்டைச் சாகடிக்கும். பிறகு ஓட்டுவீட்டுக் கூரைபோலக் கவிழ்த்து, கீபோர்டு கீழ்நோக்கி இருக்கும்படி துண்டின் மேல் நிறுத்துங்கள். உலுக்கக் கூடாது, உலுக்கினால் போகாத இடத்துக்கும் தண்ணீர் போகும். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடுங்கள். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. உங்களுடையது அதுவாக இருந்தால் அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பேட்டரிக்குத் தாழ்ப்பாள் இருந்தால் தள்ளினால் வந்துவிடும்.

வெறும் தண்ணீர் என்றால் இரண்டு நாள் விசிறிக் காற்றில் காயவைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கலாம். பாலும் சர்க்கரையும் கலந்த காபி காய்ந்தாலும் போகாது. தண்ணீர் ஆவியானபின் மிச்சம் உள்ளேயே தங்கி, ஈரத்தை இழுத்து, செம்புத் தடங்களை அரிக்கும். அதனால் ‘காய்ந்துவிட்டது, வேலை செய்கிறது’ என்று திருப்திப்படாமல், முடிந்தால் அன்றைக்கே திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஹேர் டிரையர் சூட்டைக் காட்ட வேண்டாம்.

அரிசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நெல்லறையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம், நனைந்த எதையும் அரிசி மூட்டையில் புதைக்கக் கை துடிக்கும். அரிசி திறந்த காற்றைவிட வேகமாக ஈரத்தை இழுப்பதில்லை. அதன் மாவும் குறுநொய்யும் துளைகளில் போய் அடைவதுதான் மிச்சம். ஐபோன் நனைந்தால் அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அரிசியை உலையில் போடுங்கள்.

சாதாரண யுஎஸ்பி கீபோர்டில் கொட்டினால் இவ்வளவு பயம் வேண்டாம். பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். ஒன்றிரண்டு ஸ்டிக்கருக்கு அடியிலோ ரப்பர் காலுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். உள்ளே ரப்பர் விரிப்பும், அதன் கீழ் மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்களும் இருக்கும். ஒட்டிக்கிடக்கும் தாள்களை மெதுவாகப் பிரித்து, டிஸ்டில்டு வாட்டர் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்து, தனித்தனியே காயவிடுங்கள். தாளில் தெரியும் கறுப்பு, வெள்ளிக் கோடுகள்தான் கரன்ட் ஓடும் பாதை. அவற்றை அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும்.

துடைத்த பிறகு கீபோர்டு மக்கர் செய்கிறது

இது வேடிக்கையான கோளாறு. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கணினியை அணைக்காமல் கீபோர்டைத் துடைத்தவர்களுக்கு மட்டும் வரும்.

விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்டை 8 நொடி அமுக்கிப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியைக் கொண்டுவரும். திரையில் ஒரு பெட்டி தோன்றிக் கேட்கும். துணியோடு என்டரும் அமுங்கிவிட்டால் அது சம்மதம். அதன்பிறகு லேசாகத் தட்டினால் எழுத்து விழாது, கொஞ்சம் அமுக்கிப் பிடித்தால்தான் விழும். கீபோர்டு செத்துவிட்டது என்றே தோன்றும். மறுபடி வலது ஷிஃப்டை 8 நொடி பிடித்தால் சரியாகிவிடும். ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ், அது வேறு தொல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“மாமா, சுத்தம் பண்ணினேன். இப்ப எது அடிச்சாலும் நம்பரா வருது.”

“ஜே, கே, எல் அடி பாப்போம்.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு.”

“கெட்டெல்லாம் போகலம்மா. நம் லாக் (Num Lock) கீயை அமுக்கிட்டே.”

சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் எழுத்துக் கீகளுக்குள்ளேயே எண் பலகை ஒளிந்திருக்கும். நம் லாக்கை ஒருதரம் தட்டினால், சிலவற்றில் எஃப்என் கீயோடு சேர்த்துத் தட்டினால், பழையபடி எழுத்து வந்துவிடும்.

சுத்தம் செய்தும் நாலைந்து கீ மட்டும் எடுக்கவில்லை

விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அமுக்கினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். நிஜக் கீயைத் தட்டத் தட்ட அதில் எது மின்னுகிறது என்று பாருங்கள். அங்கும் இங்கும் சிதறி ஒன்றிரண்டு எடுக்கவில்லை என்றால் அழுக்காக இருக்கலாம், இன்னொரு முறை சுத்தம் செய்து பார்க்கலாம். ஒரு குழுவாக நாலைந்து சேர்ந்து செத்திருந்தால், அவற்றை இணைக்கும் ஒரு தடம் அறுந்திருக்கிறது. கீகள் வாய்க்கால் வரப்புபோல வரிசையும் நெடுக்குமாகப் பின்னப்பட்டவை. தலைப்பில் ஒரு வாய்க்கால் அடைத்தால் கடைமடை முழுக்கக் காயுமே, அதுதான். இதற்குத் துணியும் ஸ்பிரிட்டும் உதவாது. புதுக் கீபோர்டு வாங்குங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் தானாகவே எழுத்து விழுகிறது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் புகார் இது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரங்களில் கூடுதல். உப்புக் காற்று படிந்த தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் கரன்ட்டைக் கடத்தும், அமுக்காத கீயும் அமுக்கியதுபோல் ஆகும். மழை தொடங்குமுன் புரட்டாசியிலேயே ஒருமுறை தூசி எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. வந்துவிட்டால், கணினியைத் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், அதன் சூட்டிலேயே ஓரளவு உலர்ந்துவிடும். பீரோவில் பூட்டி வைப்பதுதான் கெடுதல்.

ஆயுத பூஜை மறுநாள்: கீயெல்லாம் சிவப்பும் மஞ்சளும்

சந்தனம், குங்குமம் வைக்காதீர்கள் என்று சொன்னால் வீட்டில் எடுபடாது. திரையின் மேல் வேண்டாம், சுற்றியுள்ள சட்டத்தில் வையுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். யுஎஸ்பி துளைக்கு மேலே சந்தனம் இடுவதையாவது தடுத்துவிடுங்கள். அது காய்ந்து உள்ளே உதிர்ந்தால் பென் டிரைவ் சரியாக உட்காராது.

குங்குமத்தை முதலில் பிரஷால் உதிர்க்க வேண்டும், தொட்டுத் தேய்க்கக் கூடாது. மஞ்சள் கறை நிற்கிறதா? மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சுக் குச்சியால் ஒற்றினால் வந்துவிடும். ஆனால் எழுத்துகள் மேலே அச்சடிக்கப்பட்ட மலிவுக் கீபோர்டுகளில் மஞ்சளோடு எழுத்தும் போகும், ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ் 99 எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. வெயில் காலத்தில் ஸ்டிக்கர் நகர்ந்து பசை வழியும். ஸ்டிக்கரை உரித்துவிட்டு, துளி தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் பசை இளகி வரும். எண்ணெயைச் சோப்புத் துணியால் எடுத்துவிடுங்கள்.

திரை: முதலில் இது அழுக்குதானா?

கணினியை அணையுங்கள். கைபேசி டார்ச்சைத் திரையின் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். அழுக்கு என்றால் தெரியும். அணைத்தால் மறைந்து, போட்டால் மட்டும் தெரியும் புள்ளி உள்ளே இருக்கும் கோளாறு; எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்த்தால் கூடும்.

அடுத்து, டியூப் லைட் திரையில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரிந்தால் பளபளப்புத் திரை. மங்கலாகப் பரவினால் மேலே மென்மையான பூச்சு கொண்ட மேட் திரை. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் நீல திரவம் இரண்டுக்கும் வேண்டாம். அம்மோனியா கலந்தவை மேட் பூச்சைக் கெடுக்கும். தயாரித்தவர் குறிப்பில் அனுமதி இருந்தால் ஒழிய மேட் திரைக்கு ஸ்பிரிட்டும் வேண்டாம்.

துடைத்தபின் மெல்லிய கீறல் கோடுகள்

துணியைக் குறை சொல்வதற்கு முன் உமிக்கரியால் பாத்திரம் தேய்த்ததை நினைத்துப் பாருங்கள். ஏன் அப்படித் தேய்க்கிறது? நெல் உமியில் சிலிக்கா அதிகம், எரித்தால் சாம்பலில் பெரும்பகுதி அதுதான். மணலிலும் கண்ணாடியிலும் இருப்பதும் சிலிக்காதான். அறுவடைத் தூசியோ ரைஸ் மில் கரியோ படிந்த திரையைக் காய்ந்த துணியால் அழுத்தினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். விழுந்த கீறலுக்கு வைத்தியம் இல்லை. அடுத்த தடவை முதலில் காற்றடியுங்கள், பிறகு பிரஷால் மேலிருந்து கீழே தடவுங்கள், அதற்கப்புறம் துணி. டிஷ்யூ பேப்பர், தேங்காய்ப்பூத் துண்டு, சட்டை நுனி எதுவும் ஆகாது.

வெள்ளைப் புள்ளி, மேகம்போல மங்கல்

புள்ளி என்றால் போர் தண்ணீர். அதிலுள்ள உப்பு காய்ந்து நிற்கிறது; டிஸ்டில்டு வாட்டர் தொட்ட துணியை அதன்மேல் ஒரு நிமிடம் ஒற்றிப் பிடித்துவிட்டுத் துடையுங்கள். மேகம்போலப் பரவியிருந்தால் விரல் எண்ணெய், அல்லது துணியில் உள்ள பிசுக்கு. துணிக்கு வாசனை சேர்க்கும் திரவத்தில் மைக்ரோஃபைபரை அலசினால் இப்படித்தான் ஆகும். ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று என்று மாற்றி மாற்றித் துடைத்தால் தெளியும்.

தண்ணீரைத் துணியில்தான் தெளிக்க வேண்டும், திரையில் ஒருபோதும் தெளிக்கக் கூடாது. வழிந்து கீழ்விளிம்புக்குள் போனால் அங்கிருக்கும் மின்சுற்று நனைந்து, நெடுக்குக் கோடு விழும். அதற்கு வைத்தியம் பெரும்பாலும் புதுத் திரைதான்.

பல்லி எச்சமா? சுரண்டாதீர்கள். வெள்ளைப் பகுதி சுண்ணாம்புபோல இறுகியிருக்கும். பிழிந்த ஈரப் பஞ்சை ஐந்து நிமிடம் ஒற்றி வைத்தால் தானே ஊறி வரும்.

மடிக்கணினித் திரையில் கீபோர்டின் அச்சு கட்டம் கட்டமாகத் தெரிந்தால், கீயில் உள்ள கைப்பிசுக்கு மூடும்போது ஒட்டுகிறது என்று பொருள். கீயைச் சுத்தம் செய்யுங்கள், பையில் அதன்மேல் கனமாக எதையும் வைக்காதீர்கள்.

திரைக்குள் பூச்சி ஓடுகிறது

குறுவையோ சம்பாவோ பயிர் நிற்கும் மாதங்களில் சாயந்திரம் ஆறரைக்கு மேல் ஜன்னலைத் திறந்து கணினி போட்டால், தத்துப்பூச்சியும் கொசுவும் திரையை மொய்க்கும். பூச்சியைப் பிடிக்க வயலில் வைக்கும் விளக்குப்பொறியை நாம் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பூச்சி திரைக்கு வெளியே உட்காருவது பிரச்சினை இல்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடிப் பூச்சி சில சமயம் காற்றுத் துளை வழியே நுழைந்து, திரைக்கும் பின்னொளிக்கும் இடையில் நடமாடும்.

விரலால் நசுக்கவே கூடாது. நசுக்கினால் அதே இடத்தில் கரும்புள்ளியாக நிலைத்துவிடும், நீங்கள் படிக்கும் ஒவ்வொரு வரியிலும் அது இருக்கும். திரையை அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, திரையின் ஓரத்துக்கு வெளியே ஒரு சின்ன விளக்கை எரியவிட்டு, இரவு அப்படியே விட்டுவிடுங்கள். வெளிச்சத்தைத் தேடி வந்தது வெளிச்சத்தைத் தேடியே போகும். நடுவிலேயே செத்துவிட்டால், திரையின் பின்பக்கத்தை விரல் நுனியால் லேசாகத் தட்டிப் பாருங்கள், சரிந்து கீழே விழ வாய்ப்புண்டு.

கீபோர்டுக்குள் எறும்பு

உள்ளே தின்பண்டத் தூளோ சிந்திய காபியோ இருக்கிறது, அல்லது மழைக்கு ஒதுங்கியிருக்கிறது. பூச்சி மருந்து அடிக்காதீர்கள். மருந்தின் எண்ணெய் உள்ளே படியும். எறும்புச் சாக்பீஸையும் பொடித்துப் போடாதீர்கள். கவிழ்த்துத் தட்டி, பிரஷால் கூட்டி, இனிப்புப் பிசுக்கை ஈரத் துணியால் எடுத்துவிட்டு, கணினியை அணைத்தே வையுங்கள். பட்சணத் தூக்கைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைப்போம் அல்லவா, அதே உபாயம்தான்: மேசையின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன். வயர்களையும் எடுத்துவிட்டேன். தண்ணீரில் மாட்டாமல் உள்ளேயிருந்து வெளியே போக மட்டும் ஒரு ஈர்க்குச்சியை ஜன்னல் கட்டைக்குச் சாய்த்து வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் வரிசையாகக் கிளம்பிவிட்டன, முட்டையையும் தூக்கிக்கொண்டு.